மோசேயின் தாய்க்குக் கிடைத்த சம்பளம்

வேதபாடம்: யாத்திராகமம் 2:1-10



பள்ளிக்கூடம் திறக்கும் நாட்கள் நெருங்கும்போது, கம்பம் பள்ளத்தாக்கில் ஊழியம் செய்கிற பலரிடமும் ஒரு விண்ணப்பம் வருகிறது. "பாஸ்டர் ஐயா, இவனை ஏதாவது ஒரு ஹோம்ல சேர்த்து விடுங்களேன். என்னால முடியல."

கேட்கிறவள் கெட்ட தாய் அல்ல. விடியும் முன்னே சோற்றைத் தூக்குவாளியில் கட்டிக்கொண்டு ஜீப் ஏறி, குமுளி வழியாகவோ கம்பம்மெட்டு வழியாகவோ போடிமெட்டு வழியாகவோ ஏலத்தோட்டத்துக்குப் போகிறவள். இருட்டின பிறகுதான் வீடு திரும்புகிறாள். புருஷன் குடியில் கிடக்கிறான், இல்லாவிட்டால் விட்டுவிட்டுப் போய்விட்டான். வாரம் தவறாமல் குழுக் கடன் கட்ட வேண்டும். பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்து தெருவில் நிற்கிறான்.

நாமும் உடனே தெரிந்த ஊழியருக்குப் போன் போட்டு ஒரு ஹோமில் இடம் பிடித்துக் கொடுத்துவிடுகிறோம். பாரம் இறங்கினது போல இருக்கிறது. ஆனால் யாருடைய பாரம் இறங்கியது? பிள்ளையுடையதா, நம்முடையதா? இந்த மாத வேதபாடத்தில் இதைத்தான் பார்க்கப்போகிறோம்.

1. பெட்டியில் வைத்தவள் பிள்ளையை வெறுக்கவில்லை

யோகெபேத் தன் பிள்ளையை மூன்று மாதம் ஒளித்து வைத்தாள். இனி முடியாது என்ற நிலை வந்தபோதுதான் நாணற்பெட்டி செய்து, தண்ணீர் புகாதபடி பிசினும் கீலும் பூசி, நதியோரத்தில் வைத்தாள். கைவிடுகிறவள் பெட்டிக்குக் கீல் பூசுவாளா? அவள் கையை மீறிப் போனது ராஜாவின் கொடுமை.

நம்முடைய மாவட்டத்துக்கும் ஒரு தொட்டில் கதை உண்டு. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம், 2001-ல் தேனி மாவட்டத்துக்கும் வந்தது. கொல்வதைவிட தொட்டிலில் போடுவது மேல், உண்மைதான். ஆனால் அந்தத் தாய்க்கு ஆறுதல் சொல்லவும், வரதட்சணை பயத்தைப் போக்கவும், "நீயே வளர், நாங்க இருக்கிறோம்" என்று சொல்லவும் பக்கத்தில் ஆள் இருந்திருந்தால் எத்தனை தொட்டில்கள் வெறுமையாய் இருந்திருக்கும்!

2. தூரத்தில் நின்ற அக்காள்

இப்போது மிரியாமைப் பாருங்கள். அவள் சின்னப்பெண். கையில் பணம் இல்லை, அதிகாரம் இல்லை. ஆனால் தம்பிக்கு என்ன நடக்கும் என்று பார்த்துக்கொண்டே நின்றாள். பார்வோனின் குமாரத்தி பெட்டியைத் திறந்த நேரத்தில் தைரியமாய் முன்னே போய், பால் கொடுக்க எபிரெய ஸ்திரீ ஒருத்தியை அழைத்து வரட்டுமா என்று கேட்டாள். யாரை அழைத்து வந்தாள்? பிள்ளையின் சொந்தத் தாயை!

அன்பானவர்களே, சபையின் இடம் இதுதான். அரண்மனைக்கும் ஏழைத் தாயின் வீட்டுக்கும் நடுவில் ஓடுகிற மிரியாம்தான் சபை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவது அவள் வேலை அல்ல. தாயையும் பிள்ளையையும் சேர்த்து வைப்பதுதான் அவள் வேலை.

பிள்ளைகள் இல்லங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1901-லிருந்து டோனாவூரில், கோவில்களுக்கு விடப்பட இருந்த சிறுமிகளைக் காத்து வளர்த்தார்கள். பண்டித ரமாபாய் அம்மையார் பஞ்சத்தில் தவித்த பெண்பிள்ளைகளைக் கேட்காவில் உள்ள முக்தி மிஷனில் சேர்த்தார்கள். 1905-ல் அந்தப் பிள்ளைகள் நடுவில்தான் ஆவியானவர் பலமாய் இறங்கினார். பெந்தெகொஸ்தே சரித்திரத்தில் அது மறக்க முடியாத இடம். ஆனால் அவர்கள் போக்கிடம் இல்லாத பிள்ளைகளுக்குப் போக்கிடம் கொடுத்தார்கள். இன்று நாம் ஹோமுக்கு அனுப்பும் பிள்ளைகளில் பலருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருக்கிறார்கள். இந்த வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும்.

3. அரண்மனைப் பணம் தாயின் கைக்கு வந்தது

பத்து வசனங்களில் நாம் வேகமாய்ப் படித்துத் தாண்டிவிடுகிற ஒரு காரியம் ஒன்பதாம் வசனத்தில் இருக்கிறது. தன் சொந்தப் பிள்ளையை வளர்க்க யோகெபேத்துக்கு அரண்மனையிலிருந்து சம்பளம் கிடைத்தது! கர்த்தர் செய்கிற அதிசயத்தைப் பாருங்கள். பிள்ளையைக் கொல்லச் சொன்ன ராஜாவின் வீட்டுப் பணமே பிள்ளையைக் காத்தது.

இன்றைக்கும் அப்படி ஒரு வழி திறந்திருக்கிறது. 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிள்ளையை இல்லத்தில் வைப்பது கடைசி வழியாக மட்டுமே இருக்க வேண்டும் என்கிறது. முதலில் சொந்தக் குடும்பம். அது முடியாதபோது உறவினர் வீடு, வளர்ப்புப் பராமரிப்புக் குடும்பம் போன்ற வழிகள். அதுவும் இல்லாவிட்டால்தான் இல்லம். தீர்மானிக்கிறது மாவட்டத்தின் குழந்தைகள் நலக் குழு. பாஸ்டர் அல்ல.

மிஷன் வாத்சல்யா திட்டத்தின் 2022-ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, விதவைத் தாய், கைவிடப்பட்ட தாய், தீராத நோயில் விழுந்த பெற்றோர் ஆகியோரின் பிள்ளைகளுக்கு மாதம் 4000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000 ரூபாய்க்கும், நகரத்தில் 96,000 ரூபாய்க்கும் மேல் போகக்கூடாது. மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனுக் கொடுக்க வேண்டும். கலெக்டர் ஆபீஸில் விசாரித்தால் வழி சொல்வார்கள். சபையில் படித்த வாலிபர் ஒருவர் கூடப் போய் மனு எழுதிக் கொடுத்தால், அதுவே மிரியாமின் ஊழியம்!

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். பதிவு செய்யாமல் பிள்ளைகள் இல்லம் நடத்துவது குற்றம். ஒரு வருடம் வரை ஜெயில், அல்லது ஒரு லட்ச ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். "ஊழியம்தானே" என்று சொல்லித் தப்ப முடியாது.

4. சபையில் பெற்றோர் வகுப்பு

பணம் மட்டும் போதுமா? போதாது. அமெரிக்காவிலே பிள்ளையை வீட்டிலிருந்து எடுத்த பிறகு செலவழித்த அரசாங்கப் பணத்தை, எடுக்கும் முன்பே பெற்றோர் பயிற்சிக்கும் குடி மறப்பு சிகிச்சைக்கும் செலவிடலாம் என்று 2018-ல் சட்டம் செய்தார்கள். நமக்கு அதற்குச் சட்டம் வர வேண்டுமா? சபைக் கட்டடம் இருக்கிறது, பாய் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. தோட்ட வேலைக்குப் போகிறவர்களுக்கு அன்றைக்குத்தான் ஓய்வு. ஆராதனை முடிந்து எல்லாருக்கும் சாப்பாடு போட்டு, ஒரு மணி நேரம், ஆறு வாரம் நடத்துங்கள்.

முதல் வாரம்: தினம் கால்மணி நேரம் பிள்ளையோடு உட்கார்ந்து பேசுவது. டிவி, செல்போன் வேண்டாம். "இன்னிக்கு பள்ளிக்கூடத்துல என்னப்பா நடந்துச்சு?" என்று கேட்டுவிட்டு, பதிலை முழுசா கேட்க வேண்டும்.

இரண்டாம் வாரம்: நல்லதைப் பார்த்துப் பாராட்டுவது. திட்டுவதற்கு நூறு வார்த்தை வைத்திருக்கிறோம், பாராட்ட ஒன்றுகூட வருவதில்லை.

மூன்றாம் வாரம்: அடிக்காமல் திருத்துவது.

நான்காம் வாரம்: குடியும் கடனும். 2 இராஜாக்கள் 4-ஆம் அதிகாரத்து விதவையின் இரண்டு பிள்ளைகளையும் கடன்காரன் கொண்டுபோக வந்தான். எலிசா பிள்ளைகளை வேறு இடத்துக்கு அனுப்பவில்லை. அக்கம்பக்கத்தில் பாத்திரம் வாங்கச் சொல்லி, எண்ணெயை விற்றுக் கடனைத் தீர்த்து, மீதியில் பிள்ளைகளோடு பிழைக்கச் சொன்னார்.

ஐந்தாம் வாரம்: பெற்றோர் மலைக்குப் போன நேரத்தில் பிள்ளையை யார் பார்ப்பது? சபையில் இரண்டு தாய்மார் பள்ளி விட்ட நேரம்முதல் இருட்டும்வரை முறைபோட்டுப் பார்த்துக்கொண்டால், பாதி ஹோம் விண்ணப்பங்கள் நின்றுபோகும்.

ஆறாம் வாரம்: காகிதங்கள். பிறப்புச் சான்று, ஆதார், ரேஷன் கார்டு, வருமானச் சான்று, விதவைச் சான்று.

தகப்பன்மாரையும் கட்டாயம் அழையுங்கள். தாய் மட்டும் வருகிற வகுப்பு, இரட்டை மாட்டு வண்டியை ஒற்றை மாடு இழுப்பது மாதிரி. வர மறுக்கிற தகப்பனைத் தேடிப்போய், சகோதரர்கள் இரண்டுபேர் டீக்கடையிலே உட்கார்ந்து பேசுங்கள்.

5. "பிரம்பைக் கையாடாதவன்" என்று இருக்கிறதே?

நீதிமொழிகளில் உள்ள பிரம்பைக் காட்டி அடியை நியாயப்படுத்துகிறவர்கள் நம்மிலே உண்டு. ஆடு மேய்க்கிறவரைப் பாருங்கள். அவர் கையில் கம்பு எப்போதும் இருக்கிறது. வெள்ளாமைக்குள் போகிற ஆட்டைத் திருப்புவார், நாயை விரட்டுவார். ஆட்டின் காலை ஒடிப்பாரா? ஒடித்தால் அவரேதான் தோளில் தூக்கிச் சுமக்க வேண்டும்! சங்கீதம் 23-ல் தாவீதுக்கு மேய்ப்பனின் கோல் பயத்தைக் கொடுக்கவில்லை, ஆறுதலைக் கொடுத்தது. தகப்பன்மார் பிள்ளைகளுக்குக் கோபமூட்டக் கூடாது என்று எபேசியர் 6:4-ல் பவுலும் எழுதுகிறார். சாராய வெறியில் விழுகிற அடி சிட்சை அல்ல, அது பாவம்.

6. மூடி மறைக்கக் கூடாதது

குடும்பத்தைச் சேர்த்து வைப்பது நல்லது. ஆனால் பிள்ளையின் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து இருக்கிற வீட்டில் பிள்ளையை விட்டுவைக்க எந்த வசனமும் இல்லை. பாலியல் கொடுமை நடந்திருப்பது தெரிந்தால் போலீசில் சொல்ல வேண்டியது 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி எல்லாருடைய கடமை. பாஸ்டருக்கும் விலக்கு இல்லை. "சபைப் பேரு கெட்டுப்போகும், உள்ளுக்குள்ளேயே ஜெபித்து முடிப்போம்" என்று சொல்லாதேயுங்கள். சிறியவரை இடறப்பண்ணுகிறவனின் கழுத்துக்கு ஏந்திரக்கல்லே மேல் என்றார் ஆண்டவர். 1098 என்ற எண்ணுக்கு இலவசமாய்ப் போன் செய்யலாம். பிள்ளைகளுக்கும் அதை மனப்பாடமாய்ச் சொல்லிக்கொடுங்கள்.

7. எழுப்புதல் எங்கே தொடங்கும்?

எழுப்புதலுக்காக இரவு ஜெபம் செய்கிறோம், உபவாசம் இருக்கிறோம். நல்லது. ஆனால் பழைய ஏற்பாட்டின் கடைசிப் பக்கத்தில் மல்கியா காட்டுகிற அடையாளம் என்ன? பிதாக்களின் இருதயம் பிள்ளைகளிடத்துக்கும், பிள்ளைகளின் இருதயம் பிதாக்களிடத்துக்கும் திரும்புவது. அந்நியபாஷை பேசிவிட்டு வீட்டுக்குப் போகிற தகப்பனைக் கண்டு பிள்ளை கட்டிலுக்கு அடியில் ஒளிந்தால், எழுப்புதல் இன்னும் அந்த வீட்டு வாசலைத் தாண்டவில்லை.

யோகெபேத்துக்குக் கிடைத்தது சில வருஷங்கள்தான். பிறகு பிள்ளை அரண்மனைக்குப் போனான். ஆனாலும் அவன் பெரியவனானபோது பார்வோன் குமாரத்தியின் மகன் என்ற பேரை வேண்டாம் என்று தன் ஜனத்தோடு நின்றான் (எபிரெயர் 11:24-26). அரண்மனைச் சோற்றால் அழிக்க முடியாதபடி தாய்மடியின் வருஷங்கள் அவனுக்குள் இருந்தன. நம் பள்ளத்தாக்குப் பிள்ளைகளுக்கும் அந்த வருஷங்கள் கிடைக்கட்டும்.

சபையில் கூடிப் பேச:

1. நம் சபைக் குடும்பங்களில் ஹோமில் இருக்கிற பிள்ளைகள் எத்தனை பேர்? வீட்டுக்கு அழைத்து வர என்ன குறைவு?
2. சாயங்காலம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள முன்வருகிறவர்கள் யார்?
3. நிதி ஆதரவுக்குத் தகுதியுள்ள தாய்மார் யார்? கூடப் போகிறவர் யார்?

ஜெபம்: பரலோகப் பிதாவே, எங்கள் சபையை மிரியாமைப் போல விழித்து நிற்கச் செய்யும். சோர்ந்துபோன தாய்மாருக்குப் பெலன் தாரும். தகப்பன்மாரின் இருதயத்தைத் திருப்பும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்! அல்லேலூயா!