இன்சுலின் போடும் பிள்ளை: வீடும் பள்ளியும் அறிய வேண்டியவை

பிள்ளைக்கு இனிப்பு நீர் என்று டாக்டர் சொன்னதும், "மிட்டாய் அதிகம் கொடுத்துவிட்டோமோ?" என்றுதான் பல பெற்றோர் கேட்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் வருவது முதல் வகை நீரிழிவு. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் உயிரணுக்களை உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிடுவதால் இது வருகிறது. இனிப்பு தின்றதால் வருவதில்லை. வீட்டில் யாரையும் குறை சொல்ல வேண்டாம்.

தாத்தாவுக்கு இருப்பது பெரும்பாலும் இரண்டாம் வகை, மாத்திரையில் சமாளிக்கிறார். பேரனுக்கு மாத்திரை போதாது. 1922 ஜனவரியில் கனடாவின் டொரொண்டோ நகரில் லியனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் போடப்பட்டது. அதற்கு முன் இந்நோய் கண்ட பிள்ளைகள் நீண்ட நாள் வாழ்ந்ததில்லை. பாகற்காய்ச் சாறு, வெந்தயம், நாட்டு மருந்து என்று உறவினர் அக்கறையோடுதான் சொல்வார்கள். பாகற்காயைக் கறியாக வைத்துக் கொடுங்கள். ஊசிக்குப் பதிலாகக் கொடுக்காதீர்கள்.

இன்சுலின் இல்லாவிட்டால் உடல் கொழுப்பை எரிக்கும். இரத்தத்தில் கீட்டோன் என்னும் அமிலம் சேரும். வயிற்றுவலி, வாந்தி, வேகமான மூச்சு, மூச்சில் பழ வாசனை ஆகியவை அதன் அறிகுறிகள். 2000 முதல் 2009 வரை மலேசியாவில் முதல் வகை கண்டறியப்பட்டு, தேசியப் பதிவேட்டில் இடம்பெற்ற பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்த ஆபத்தான நிலையில்தான் மருத்துவமனைக்கு வந்தார்கள். அடிக்கடி சிறுநீர், தீராத தாகம், உடல் மெலிவு, சோர்வு ஆகியவை முன்பே தெரிந்திருக்கும்.

காய்ச்சலில் பிள்ளை சாப்பிடாதபோது, "இன்று ஊசி வேண்டாம்" என்று தோன்றும். நிறுத்தவே கூடாது. சர்க்கரையை அடிக்கடி சோதித்து, அளவை மாற்ற வேண்டுமா என்று உங்கள் மருத்துவக் குழுவைக் கேளுங்கள். வாந்தி நிற்கவில்லையென்றால் உடனே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்: கோலாலம்பூரில் துங்கு அசிசா மருத்துவமனை, கிள்ளானில் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை.

சில வீடுகளில், குறிப்பாகப் பெண் பிள்ளை என்றால், பிற்காலத்தில் வரன் தட்டிப் போகுமே என்று நோயை மறைக்கிறார்கள். அந்தப் பயம் புரிகிறது. ஆனால் வகுப்பாசிரியருக்குத் தெரியாவிட்டால், சர்க்கரை தாழ்ந்து தலை கவிழ்ந்திருக்கும் பிள்ளை அவர் கண்ணுக்குத் தூங்குமூஞ்சியாகத்தான் தெரியும். வியர்வை, கை நடுக்கம், காரணமில்லாத கோபம் தெரிந்தால் உடனே சோதிக்க வேண்டும். அளவு 4 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால், வளர்ந்த பிள்ளைக்கு மூன்று தேக்கரண்டி சீனியை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மீண்டும் சோதிக்க வேண்டும். சிறு பிள்ளைக்கு எவ்வளவு என்று டாக்டரிடம் முன்பே கேட்டு எழுதிக் கொடுங்கள். மைலோவும் சாக்லேட்டும் இந்த அவசரத்துக்கு உதவாது. அவற்றிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். மயங்கிய பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து 999-ஐ அழைக்க வேண்டும்.

நம் ஊர் வெயிலில் நிறுத்திய காருக்குள் இன்சுலினை வைக்காதீர்கள், கெட்டுவிடும். திறக்காததைக் குளிர்பெட்டியில் வையுங்கள், உறைபனி அறையில் அல்ல.

பெரும்பாலான வீடுகளில் ஊசி, சோதனை, இரவு விழிப்பு எல்லாம் அம்மா தலையில்தான். அவருக்கும் காய்ச்சல் வரும். அடுத்த மருத்துவமனைச் சந்திப்புக்கு அப்பாவும் பாட்டியும் உடன் வரட்டும். ஊசி போடும் முறையை அவர்களுக்கும் கற்றுக்கொடுக்கும்படி தாதியிடம் கேளுங்கள்.