மூளைக்கு ரோபோ வைத்தியம்

மூளை இரத்தக்குழாய்ச் சிகிச்சையை இப்போது ரோபோ செய்கிறதாம். அம்மாவுக்குப் பிரஷர் இருக்கிறது. பாரிசவாதம் வந்தால் எங்களுக்கும் அது உதவுமா?
— வாசகி, இறக்குவானை

ரோபோ தானாக எதுவும் செய்யாது, மகள். வைத்தியர் இயக்க, இரத்தக்குழாய்க்குள் விட்ட மெல்லிய கம்பியை அது நடுக்கமின்றி நகர்த்தும். மூளையில் முதன்முதலாக இப்படிச் செய்தது 2019 நவம்பரில், கனடாவின் டொராண்டோவில். குழாய் வீக்கம் ஒன்றுக்கு. தூரத்திலிருந்தே இயக்கும் காலம் வந்தால் மலைநாட்டுக்குத்தான் முதல் பயன்.

அம்மாவைக் காப்பாற்ற அதுவரை காத்திருக்க வேண்டாம். பிரஷர் மருந்து ஒருநாளும் தவறக்கூடாது. வாய் கோணினால், கை சோர்ந்தால், பேச்சுக் குழறினால் நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே 1990ஐ அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணித்தியாலத்துக்குள் போடவேண்டும். கொழுந்து நிறுத்து முடியட்டும் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.