சப்பாத்தைக் கழற்றிப் பாருங்கள்: தோற்புற்றுநோயும் நாமும்



அவுஸ்திரேலியாவில் கோடை தொடங்கினால் தோற்புற்றுநோய் பற்றிய எச்சரிக்கைகளும் தொடங்கிவிடும். சட்டை, சன்ஸ்கிறீன், தொப்பி என்ற மூன்றையும் 1981 இல் ஒரு கடற்பறவைச் சித்திரம் ஆடிப்பாடிச் சொல்லிக் கொடுத்தது. இங்கே மூவரில் இருவருக்காவது 70 வயதுக்குள் ஏதோவொரு வகைத் தோற்புற்றுநோய் கண்டறியப்படுகிறது.

இதை நான் சொன்னால் நம்மவர்கள் சிரிப்பார்கள். "அது வெள்ளைக்காரருக்கு வாற வருத்தம், டொக்டர்" என்பார்கள். இது பாதி உண்மை. நமது தோலிலுள்ள மெலனின் என்னும் நிறப்பொருள் வெயிலின் தாக்கத்தைப் பெருமளவு தடுக்கிறது. ஆகவே நமக்கு இந்நோய் அரிது. ஆனால் வரும்போது பிந்தியே கண்டுபிடிக்கப்படுகிறது. காரணம், நாம் தேடாத இடத்தில் அது வருகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நீரிழிவுள்ள ஓர் அம்மா என்னிடம் வந்தார். குதிக்காலில் கறுப்பாக ஒரு அடையாளம். முள் குத்தியது என்று நினைத்து எட்டு மாதம் இருந்துவிட்டார். அது மெலனோமா. அதற்குள் அரையிலுள்ள நிணநீர்க் கணுவுக்கும் பரவியிருந்தது. அந்த எட்டு மாதத்தில் அவர் இரண்டு முறை என்னிடம் வந்து போயிருக்கிறார். இரண்டு முறையும் இரத்த அழுத்தத்தைப் பார்த்து மருந்து எழுதினேன். சப்பாத்தைக் கழற்றச் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையை எழுத அதுவே காரணம்.

எங்கே பார்க்க வேண்டும்?

மெலனோமா என்பது நிறப்பொருளை உண்டாக்கும் கலங்களில் தோன்றும் புற்றுநோய். வெள்ளைத் தோலினருக்கு இது முதுகு, கால் போன்ற இடங்களில் அதிகம் வரும். கருமையான தோலினருக்கு அதிகம் வரும் இடங்கள் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகியன. இவற்றுக்கும் வெயிலுக்கும் பெரிய தொடர்பில்லை. ஜமேக்காவின் பாடகர் பொப் மார்லிக்கு 1977 இல் கால் பெருவிரல் நகத்தின் கீழ் மெலனோமா இருப்பது தெரியவந்தது. பந்தடித்தபோது பட்ட காயம் என்றே முதலில் எண்ணப்பட்டது. 1981 இல், 36 வயதில், அவர் இறந்தார்.

உள்ளங்காலில் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. சுற்றியுள்ள தோலின் நிறத்திலிருந்து வேறுபட்ட நிறம் உள்ளதா?
2. அது இன்னதென்று எவரும் உறுதியாகச் சொல்லாத புண்ணா, புள்ளியா?
3. இரத்தமோ நீரோ கசிகிறதா?
4. சிகிச்சை செய்தும் பெருக்கிறதா?
5. இரண்டு மாதத்துக்கு மேல் ஆறாமல் உள்ளதா?

இவற்றில் இரண்டுக்கு "ஆம்" என்றால் தோல் நிபுணர் பார்க்க வேண்டும். எல்லா மெலனோமாவும் கறுப்பாக இருக்காது. சில இளஞ்சிவப்பாகவும் இருக்கும். நீரிழிவுள்ளவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். காலில் உணர்வு குறைந்திருந்தால் நோவு தெரியாது. "இது சீனிப் புண்தான்" என்று எல்லோரும் நினைத்துவிடுவோம். நீண்ட நாள் ஆறாத புண்ணாயின், "இதிலிருந்து சிறு துண்டெடுத்துச் சோதிக்க வேண்டுமா?" என்று நீங்களே கேளுங்கள்.

இன்னொன்று: என்னவென்று தெரியாத தடிப்பின் மேல் கடையில் வாங்கும் ஆணிப் பிளாஸ்டரை ஒட்டாதீர்கள். பிளேட்டால் சீவவும் வேண்டாம்.

நகத்தில் கறுப்புக் கோடு

நகத்தில் நீளவாக்கில் கறுப்பு அல்லது மண்ணிறக் கோடு இருப்பது நம்மவரிடையே சாதாரணம். பல விரல்களில், பல வருடமாக, மாறாமல் இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. ஒரே ஒரு விரலில், குறிப்பாகக் கைப்பெருவிரலிலோ கால்பெருவிரலிலோ, நடுத்தர வயதுக்குப் பின் புதிதாகத் தோன்றி அகலமாகும் கோட்டைக் காட்டியே ஆக வேண்டும். 3 மில்லிமீற்றருக்கு மேல் அகலமானாலோ, நிறம் நகத்தைத் தாண்டி அருகிலுள்ள தோலுக்குப் பரவினாலோ தாமதிக்கக் கூடாது.

அடிபட்டுக் கட்டிய இரத்தமா என்று எப்படி அறிவது? நகம் வளர வளர இரத்தக் கட்டு நுனியை நோக்கி நகரும். அடியில் நல்ல நகம் தெரியும். கைநகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் வளரும்; கால்நகம் அதில் பாதியளவே. கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்து, ஒரு மாதம் கழித்து இன்னொன்று எடுத்து ஒப்பிடுங்கள். கறுப்பு நகராமல் அடியிலேயே நின்றால் வைத்தியரிடம் போங்கள்.

பழைய தழும்புகள்

இது நம் சமூகம் தனியாகக் கவனிக்க வேண்டிய விடயம். நம்மில் பலரின் உடலில் ஷெல் காயத்தின், எரிகாயத்தின், மண்ணெண்ணெய் விளக்கோ அடுப்போ சுட்ட தழும்பு இருக்கிறது. இத்தகைய பெரிய தழும்புகளிலும் நாட்பட்ட புண்களிலும் பல பத்தாண்டுகள் கழித்துப் புற்றுநோய் தோன்றலாம். இது அரிது, ஆனால் நாம் போரை விட்டு வந்தும் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. ஆறியிருந்த தழும்பு மீண்டும் புண்ணாதல், ஓரம் தடித்து உயர்தல், கட்டி வளர்தல், இரத்தம் கசிதல், துர்நாற்றம், புதிதாக நோவு ஆகியவை அறிகுறிகள்.

அந்தத் தழும்பைக் காட்டினால் அதன் கதையையும் சொல்ல வேண்டிவரும் என்று தயங்குவோர் உண்டு. எனக்கும் அது புரியும். கதை சொல்லத் தேவையில்லை. "பழைய எரிகாயம், இப்போது ஆறுதில்லை" என்ற இரண்டு வசனம் போதும்.

உடலின் மற்ற இடங்கள்

மச்சத்தின் ஒரு பாதி மறுபாதியைப் போல் இல்லாமை, ஒழுங்கற்ற ஓரம், பல நிறம், 6 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட அகலம், காலப்போக்கில் மாற்றம் ஆகியவற்றைக் கவனியுங்கள். இவற்றுள் மாற்றமே முக்கியமானது. முகத்தில் பளபளப்பான கறுப்பு முடிச்சு தோன்றி அடிக்கடி இரத்தம் கசிந்தால் அதையும் காட்டுங்கள். கன்னத்தில் பல ஆண்டுகளாக உள்ள சிறு கறுப்புப் பருக்களும், இரண்டு பாதங்களிலும் பரவலாக உள்ள மங்கலான கறுப்புத் திட்டுகளும் பெரும்பாலும் தீங்கற்றவை. வெள்ளைத் தோலுடைய மருமக்களும் பேரப்பிள்ளைகளும் உங்கள் வீட்டில் இருந்தால், வெயில் பற்றிய எச்சரிக்கை முழுவதும் அவர்களுக்குப் பொருந்தும்.

"கத்தி பட்டால் பரவும்" என்ற பயம்

சதைத் துண்டெடுத்துச் சோதிப்பதால் புற்றுநோய் பரவாது. காத்திருப்பதால்தான் பரவும். மெலனோமா 1 மில்லிமீற்றர் ஆழத்துக்குள் இருக்கும்போது வெட்டியெடுத்தால் மிகப் பெரும்பாலானோர் பிழைக்கின்றனர். ஆழம் கூடக் கூட அந்த வாய்ப்புக் குறைகிறது.

என்ன செய்யலாம்?

மாதத்தில் ஒரு நாள், குளித்தபின், நல்ல வெளிச்சத்தில் உள்ளங்கால், விரலிடுக்கு, நகங்கள், தழும்புகள் எல்லாவற்றையும் பாருங்கள். நகப்பூச்சும் மருதாணியும் நிறத்தை மறைக்கும். இடையிடையே அவை இல்லாமலும் பார்க்க வேண்டும். குனிய முடியாத அம்மா அப்பாவின் கால்களைப் பிள்ளைகள் பாருங்கள். வைத்தியரிடம் போகும்போது அவர் கேட்கும்வரை காத்திராமல் சப்பாத்தையும் காலுறையையும் நீங்களே கழற்றி, "டொக்டர், இதை ஒருக்கால் பாருங்கோ" என்று சொல்லுங்கள். நான் அந்த அம்மாவிடம் கேட்கத் தவறியதை, நீங்கள் உங்கள் வைத்தியருக்கு நினைவூட்டுங்கள்.