வெட்டுப்பொறியின் தண்டவாளம்

கூடுவாஞ்சேரிப் பகுதியில் தணிக்கைக்குச் சென்றிருந்த சமயம், ஒரு சங்கத்தின் பட்டறையில் அங்கத்தினர்கள் தாமே அமைத்த மரவெட்டுப்பொறி ஒன்றைக் கண்டோம். கணிப்பொறியின் கட்டளைப்படி வெட்டுமுனை நகர்ந்து, தறிச் சட்டங்களுக்குப் பள்ளமும் துளையும் இடும் பொறி அது. ஜக்கார்டு அட்டையைக் கையாண்ட நெசவாளருக்கு இதன் கருத்து புதிதன்று. அங்கே துளை, இங்கே எண், அவ்வளவே.

பொறி ஓடிற்று, வேலைதான் சரியாக அமையவில்லை. ஒரு மீட்டர் நீளப் பலகையின் இரு முனைகளிலும் பள்ளம் 3 மில்லிமீட்டர் ஆழம் இருக்க, நடுவில் நாலரைக்கு மேல் இறங்கியிருந்தது. பல பலகைகள் வீணாயின. பெரிய மோட்டார் வாங்கினால் சரியாகும் என்று கமிட்டியார் தீர்மானம் எழுதி வைத்திருந்தனர். முதற்செலவுக்குப் பரிந்துரை எழுதியது நாமே ஆதலால், சிறிது கூச்சத்துடனேயே பொறியை ஆராயலானோம்.

குற்றம் மோட்டாரில் இல்லை. வெட்டுமுனையைச் சுமக்கும் வண்டி, 16 மில்லிமீட்டர் பருமனுள்ள இரண்டு எஃகுக் கம்பிகளின்மீது ஓடியது. கம்பிகளுக்கு இரு முனைகளில் மட்டுமே பிடிப்பு. வண்டியின் எடை 10 கிலோ. அது நடுவில் நிற்கையில் கம்பிகள் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் தாழும் என்பது கணக்கு. பெரிய மோட்டாரை ஏற்றினால் எடை கூடி இன்னும் தாழ்ந்திருக்கும்!

தாங்கும் இடங்களுக்கு இடையேயுள்ள நீளம் இருமடங்கானால் தாழ்வு எட்டு மடங்காகும். கம்பியின் பருமன் இருமடங்கானாலோ, தாழ்வு பதினாறில் ஒரு பங்காகக் குறையும். எனினும் பருத்த கம்பியைத் தேடி அலைவதைவிட, அடியில் நெடுகத் தாங்குதல் கொடுப்பதே சிக்கனம். கூடுவாஞ்சேரி ரயில் நிலையத்தில் நின்று பாருங்கள்: அத்தனை கனமான தண்டவாளமும் தனியே நிற்பதில்லை, கட்டைகளும் ஜல்லியும் வழிநெடுகத் தாங்குகின்றன. 50 மில்லிமீட்டர் சதுரமும் 3 மில்லிமீட்டர் தகட்டுக் கனமும் உள்ள எஃகுக் குழாய், அதே சுமைக்கு இருபதில் ஒரு மில்லிமீட்டரே தாழும். அதன்மேல் தண்டவாளத்தைப் போல்ட்டுகளால் இறுக்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இறுக்கப்பட்ட தண்டவாளம், தன் கீழுள்ள குழாயின் வளைவைத் தானும் பெற்றுவிடும். வெல்டிங் செய்த சட்டம் ஆறும்போது இழுத்துக்கொள்ளும். ஆகவே முதலில் வெல்டிங், முற்றும் ஆறிய பின்னரே துளையிடுதல். குழாயின் நேர்மையைச் சோதிக்கும் அளவுகோலையும் நம்பிவிடலாகாது. அதை வைத்துத் தாளில் ஒரு கோடு கிழித்து, அதே முனைப் புள்ளிகளில் கோலைப் புரட்டிவைத்து மறுகோடு கிழியுங்கள். கோடுகள் ஒன்றினால் கோல் நேரானது. இடைவெளி தென்பட்டால் அதில் பாதியே கோலின் பிழை. தட்டையான பரப்புக்கு இரண்டு தகடுகள் ஒன்றோடொன்று பொருந்துவது போதாது, மூன்றும் மாறிமாறிப் பொருந்த வேண்டும் என்ற முறையை ஜோசப் விட்வொர்த் 1840இல் கிளாஸ்கோவில் விளக்கினார். ஒன்றின் குழிவில் மற்றொன்றின் மேடு அமர்ந்து ஏமாற்றும். மூன்றாவது அதைக் காட்டிக்கொடுக்கும்.

பள்ளமான இடத்தில் மெல்லிய பித்தளைத் தகடு செருகலாம். இரண்டு தண்டவாளங்களில் முதலாவதை நேராக்கி முற்றும் இறுக்கிவிடுக. இரண்டாவதைத் தளர்வாக வைத்து, வண்டியை முனைக்கு முனை கையால் தள்ளி, அது தடையின்றி நிற்கும் இடத்திலேயே ஒவ்வொரு போல்ட்டாக இறுக்குக. அவசரப்படுவோர் இரண்டையும் ஒருங்கே இறுக்கிவிட்டு, வண்டி சிக்கும்போது பேரிங்கைக் குறை கூறுவர்.

கடற்காற்றில் எஃகு விரைவில் துருப்பிடிக்கும். மரத்தூளோ எண்ணெயை உறிஞ்சிவிடும். ஆகவே தினமும் துடைத்துப் புதிதாக எண்ணெய் இடுதல் அவசியம்.

அச்சங்கத்தார் பழைய மோட்டாரையே வைத்துக்கொண்டு, குழாயும் தண்டவாளமும் மட்டும் மாற்றினர். மறுமுறை சென்றபோது ஒரு மீட்டர்ப் பலகையை அளந்தோம். முனைக்கும் நடுவுக்கும் வேறுபாடு கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. பெரிய மோட்டார் வாங்கும் தீர்மானம் மட்டும் தீர்மானப் புத்தகத்தில் இன்னும் ரத்து செய்யப்படாமல் இருக்கிறது.