டெஸ்டுக்கே வராத பிள்ளைகள்

சென்சார் சரியா இருந்தும் முடிவு தப்பா வரலாம், சாம்பிள் எடுத்த விதம் தப்பா இருந்தா. பள்ளிக்கூடத்திலும் இதே கதை நடந்திருக்கு, பாருங்க.

அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்தின் ப்ரோவர்ட் கவுண்டி. அங்கே அரசுப் பள்ளிகளில் அபாரத் திறமை உள்ள குழந்தைகளுக்குத் தனித் திட்டம் உண்டு. அப்போது அதில் சேர ஐ.க்யூ 130 தேவைப்பட்டது. ஏழைக் குழந்தைகளுக்கும், ஆங்கிலம் புதிதாகக் கற்பவர்களுக்கும் 116 போதுமானதாக இருந்தது. சலுகைதான் இருந்ததே, அப்புறம் என்ன பிரச்சினைன்னு கேக்குறீங்களா?

டெஸ்டுக்கு யாரை அனுப்பலாம் என்பதை ஆசிரியரோ பெற்றோரோ சொல்ல வேண்டியிருந்தது. வசதியான பெற்றோர் தனியார் உளவியலாளரிடம் பணம் கட்டியும் டெஸ்ட் எடுக்க முடிந்தது. யாரும் பேர் சொல்லாத குழந்தைக்கு அந்த 116-ஆல் என்ன பயன்?

2005-இல் ஒரே ஒரு மாற்றம் வந்தது. இரண்டாம் வகுப்பில் எல்லோருக்கும் முதல்கட்ட டெஸ்ட். வார்த்தைகள் இல்லை, வெறும் வடிவங்கள்தான். அதில் தேறியவர்களை ஐ.க்யூ டெஸ்டுக்கு அனுப்பினார்கள். பொருளாதார அறிஞர்கள் டேவிட் கார்டும் லாரா ஜூலியானோவும் இதை ஆராய்ந்தார்கள். கட்-ஆஃப் கொஞ்சமும் குறையவில்லை. ஆனாலும், திட்டத்தில் இடம்பிடித்த ஏழை, ஆங்கிலம் கற்கும் குழந்தைகளின் விகிதம் இரண்டரை மடங்குக்கும் மேல் ஆனது.

பிறகு செலவைக் குறைக்க இதை நிறுத்தினார்கள். பழைய இடைவெளி திரும்பி வந்தது. குழந்தைகளின் திறமையா குறைந்தது? தேடுவது நின்றது, அவ்வளவுதான்.

அதனால "தகுதி பார்த்துத்தான் எடுத்தோம்"னு யாராவது சொன்னா, கட்-ஆஃபை மட்டும் கேக்காதீங்க. டெஸ்ட் எழுத யார் யாரைக் கூப்பிட்டீங்கன்னும் கேளுங்க.