வெள்ளம் வந்தால் கம்ப்யூட்டரை என்ன செய்வது?

2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறக்கப்பட்டது. அடையாறு கரை தாண்டி சைதாப்பேட்டை வீடுகளில் புகுந்தது. அங்கே என் தங்கை வீட்டில் தரையில் இருந்த சி.பி.யு. மூழ்கியது. வெள்ளம் வடிந்ததும் மாப்பிள்ளை அதைத் துடைத்துவிட்டு ஸ்விட்சைப் போட்டிருக்கிறார். உள்ளே இருந்த ஈரத்தில் ஷார்ட் ஆகி ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. குழந்தைகளின் போட்டோக்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. திருப்பனந்தாளில் கொள்ளிடத்துக்கு அருகில் வசிக்கும் நான் அன்று முதல் கடைப்பிடிப்பவை இவை:

1. சி.பி.யு., யு.பி.எஸ்., எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எதையும் தரையில் வைக்காதீர்கள்.

2. முக்கிய ஃபைல்களை எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்யுங்கள். டெஸ்க்டாப்பில் உள்ளவற்றையும் மறக்க வேண்டாம். இன்னொரு காப்பி கூகுள் டிரைவிலோ வெளியூர் உறவினரிடமோ இருக்கட்டும். காப்பியான ஃபைல்கள் திறக்கின்றனவா என்று பாருங்கள்.

3. வானிலை மையத்தின் 'ரெட் அலர்ட்' என்றால் 24 மணி நேரத்தில் 20 செ.மீ.க்கு மேல் மழை பெய்யலாம் என்று பொருள். உடனே ஷட் டவுன் செய்து, பிளக்கையும் பிராட்பேண்ட் கேபிளையும் கழற்றிவிடுங்கள்.

4. வீட்டுக்குள் தண்ணீர் புகத் தொடங்கினால் முதலில் மெயினை அணையுங்கள். மின்சாரம் இல்லாவிட்டாலும் யு.பி.எஸ்.ஸில் பேட்டரி உண்டு. தண்ணீரில் நிற்கும்போது அதைத் தொடாதீர்கள்.

5. நனைந்த சி.பி.யு.வை ஆன் செய்யவே கூடாது. வெயிலில் வைப்பதும் ஹேர் டிரையர் போடுவதும் வேண்டாம். ஹார்ட் டிஸ்க்கை அப்படியே பாலிதீன் பையில் போட்டு, டேட்டா ரெகவரி செய்பவரிடம் கொடுங்கள்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை பேக்கப்புக்கு ஒதுக்குங்கள்.