மாடிப்படியில் எத்தனை திருப்பம்?

அம்மாவுக்கு முழங்கால் மாடியேற மறுக்கத் தொடங்கியதும் பிள்ளைகள் விசாரிப்பது, "ஸ்டேர்லிஃப்ட் என்ன விலை?" விற்பவர் திருப்பிக் கேட்பார்: "படி எங்கயாவது திரும்புதா சார்?" பாதி விலை அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

படியோரம் பதித்த தண்டவாளத்தில் மோட்டார் வைத்த நாற்காலி ஏறியிறங்குகிறது, பொருள் அவ்வளவுதான். படி நேராக ஓடினால் தயாராக இருக்கும் தண்டவாளத்தை அளவுக்கு வெட்டிப் பொருத்திவிடுவார்கள். சுமார் இரண்டு, மூன்று லட்ச ரூபாயில் பேச்சு தொடங்கும். திரும்பினால், உங்கள் வீட்டை அளந்து அதற்கென்றே வளைத்துச் செய்ய வேண்டும். விலை இரண்டு மடங்கு, சில வீடுகளில் அதற்கும் மேல். நம் ஊரிலோ இடத்தை மிச்சம் பிடிக்க, பத்துப் படி ஏறி, லேண்டிங்கில் முழுசாகத் திரும்பி, இன்னும் பத்துப் படி என்றுதான் பெரும்பாலும் கட்டியிருக்கிறோம்.

இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. கீழ்ப்பாதிக்கு ஒன்று, மேல்பாதிக்கு ஒன்று என்று இரண்டு நேர் ஸ்டேர்லிஃப்ட் போட்டுவிடலாம். வளைந்த ஒன்றைவிட மலிவாக முடிய வாய்ப்புண்டு. ஆனால் லேண்டிங்கில் இறங்கி, இரண்டு எட்டு வைத்து, அடுத்த நாற்காலியில் உட்கார வேண்டும். முழங்கால் வலிக்காரருக்குச் சரி. பக்கவாதம் வந்தவருக்கோ தலைசுற்றல் உள்ளவருக்கோ அந்த இரண்டு எட்டுதான் ஆபத்து. பின்னாளில் கழற்றி விற்பதிலும் நேர் தண்டவாளத்துக்கே மதிப்பு. வளைந்தது இன்னொரு வீட்டில் பொருந்துவது அபூர்வம்.

தண்டவாளத்தைப் பொதுவாகச் சுவரில் அல்ல, படிகளில்தான் துளைபோட்டு நிறுத்துவார்கள். கிரானைட் படி விரிசல் விட்டால் யார் பொறுப்பு என்பதைக் கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். நாற்காலியை மடித்தாலும் ஓரடிக்கு மேல் இடம் போகும். இரண்டரை அடிப் படியென்றால் வீட்டில் மற்றவர்கள் பக்கவாட்டில்தான் நடக்க வேண்டியிருக்கும்.

வாங்கிய பிறகு ஆகும் செலவில் பலரும் பயப்படுவது கரண்ட் பில்லுக்கு. அது வீண் பயம். நாளைக்குப் பத்து முறை ஏறினாலும் மாதம் ஓரிரு யூனிட். சார்ஜர் எந்நேரமும் செருகியே இருப்பதால், ஐந்து வாட் என்று வைத்தாலும் இரண்டு மாதத்துக்கு ஏழு யூனிட். ஓட்டத்தைவிடச் சும்மா இருப்பதற்கே செலவு அதிகம்! பெரும்பாலானவை பேட்டரியில் ஓடுவதால் கரண்ட் போனாலும் நடுப்படியில் மாட்டிக்கொள்ள மாட்டார்கள். அந்தப் பேட்டரிதான் செலவு வைக்கும்: மூன்றிலிருந்து ஐந்து ஆண்டு உழைக்கும், நம் வெயிலில் அதுவும் குறையும். ஊருக்குப் போகும்போது மெயினை அணைத்துவிட்டுப் போகும் பழக்கம் அதன் ஆயுளைக் குடித்துவிடும். அடுத்தது வருடாந்தர ஏஎம்சி. அதில் உதிரிபாகம் சேருமா, வெறும் வருகை மட்டுமா என்று பாருங்கள். இறக்குமதிச் சாமானாக இருந்தால் ஒரு சர்க்யூட் போர்டு வரும்வரை அம்மா மாடியிலேயே இருக்க வேண்டியதுதான்.

வீட்டு லிஃப்ட் வைக்கலாமே என்பீர்கள். சக்கர நாற்காலியோடு போக வேண்டியவருக்கு அதுதான் பொருத்தம். ஆனால் தளத்தை உடைக்க வேண்டும், பத்து லட்சம் எளிதில் கரையும். தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டு லிஃப்ட் சட்டப்படி உரிமமும் வேண்டும். புது வீடு கட்டுகிறவர்கள் இப்போதே அதற்கு இடம் விட்டு வைப்பது புத்திசாலித்தனம்.

விற்பவர் யாரும் சொல்லாத மூன்றாவது வழி, கட்டிலைக் கீழே இறக்குவது. கீழ் அறையோடு வெஸ்டர்ன் டாய்லெட், சுவரில் கைப்பிடி, வழுக்காத தரை: இருக்கும் குளியலறையைத் திருத்துவதானால் ஒரு லட்சத்துக்குள் அடக்கிவிடலாம். பூஜையறையும் மொட்டைமாடித் துளசியும் மேலே இருக்க, அம்மா கீழே ஒடுங்கிப்போவாரா என்பதை மட்டும் அவரிடமே கேளுங்கள். மறதி நோய் தொடங்கியவருக்கு ஸ்டேர்லிஃப்டைவிட இதுவே பாதுகாப்பு என்பேன்.

நேர்ப் படி, நிதானமாக உட்கார்ந்து எழக்கூடியவர் என்றால் ஸ்டேர்லிஃப்ட் கொடுத்த காசுக்குத் தகும். திரும்பும் படியென்றால் முதலில் கீழ் அறையை அளந்து பாருங்கள். எதுவானாலும், முன்பணம் கொடுக்கும் முன் அம்மாவை அழைத்துப்போய் ஒருமுறை உட்கார வைத்து ஓட்டிப் பாருங்கள்; பயந்து உட்கார மறுத்தால் அந்த நாற்காலி துண்டு காயப்போடத்தான் ஆகும்.